மானுக்கு ஒரு சட்டம், துப்பாக்கிக்கு வேறொரு சட்டம்

பென்சில்வேனியா 1776-இல் தனக்கென எழுதிக்கொண்ட அரசியல் சாசனத்தில் இரண்டு உரிமைகள் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கின்றன. உரிமைப் பட்டியலின் 13-ஆவது கூறு, தம்மையும் மாநிலத்தையும் காத்துக்கொள்ள மக்கள் ஆயுதம் தாங்கலாம் என்கிறது. பல பிரிவுகள் தள்ளி, அரசாங்க அமைப்பை விவரிக்கும் பகுதியின் 43-ஆவது பிரிவில் இன்னொன்று வருகிறது: குடிகள் தத்தம் நிலத்திலும், வேலியிடாத பிற நிலங்களிலும், உரிய பருவத்தில் வேட்டையாடலாம். முதலாவதில் வேட்டை பற்றிப் பேச்சில்லை. இரண்டாவதில் ஆயுதம் பற்றிப் பேச்சில்லை. பருவம் என்ற நிபந்தனை வேட்டைக்கு மட்டுமே போடப்பட்டிருக்கிறது.

இதன் பின்னணியில் இங்கிலாந்தின் 1671-ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலமோ அதற்கு இணையான தகுதியோ இல்லாதவன் அந்தச் சட்டப்படி வேட்டைக்குப் போக முடியாது. அவன் வீட்டில் துப்பாக்கியோ வலையோ வேட்டைநாயோ இருந்தால் நிலப்பிரபுவின் காவலாள் புகுந்து பறிக்கலாம். காட்டு விலங்கு நிலமுடையோரின் சொத்து என்ற அந்த ஏற்பாட்டிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள், விலங்கு எல்லோருக்கும் பொது என்ற மறுமுனைக்குப் போனார்கள். பொது என்றால் கணக்கு வேண்டும், காவல் வேண்டும் என்பது நூறாண்டு கழித்துத்தான் உறைத்தது.

இன்றைய பென்சில்வேனியா சாசனத்திலும் அந்த இரட்டை நிலை தொடர்கிறது. முதல் அத்தியாயத்தின் 21-ஆவது பிரிவு ஆயுத உரிமையைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக வைக்கிறது. 1971-இல் சேர்க்கப்பட்ட 27-ஆவது பிரிவு, இயற்கை வளங்கள் இனி பிறக்கப்போகிறவர்கள் உட்பட எல்லா மக்களுக்கும் பொதுச் சொத்து, மாநிலம் அதன் அறங்காவலர் என்கிறது. துப்பாக்கி தனிமனிதனின் உரிமையாகவும் மான் பொதுச் சொத்தாகவும் அருகருகே இருக்கின்றன. அமெரிக்காவில் வேட்டை பழக நினைக்கும் புதியவர் முதலில் திகைப்பது இங்கேதான். துப்பாக்கி வாங்குவது அவர் நினைத்ததைவிட எளிது. அந்தத் துப்பாக்கியோடு ஒரு மானைத் தேடிப் போவது அவர் நினைத்ததைவிடக் கடினம். இரண்டு சட்டங்களும் வெவ்வேறு கவலைகளிலிருந்து பிறந்தவை என்பதைப் புரிந்துகொண்டால் திகைப்பு குறையும்.

விலங்குச் சட்டத்தின் கவலை பற்றாக்குறையிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பென்சில்வேனியக் காடுகள் வெட்டித் தீர்க்கப்பட்டிருந்தன. வெள்ளைவால் மான் அரிதாகிவிட்டது. எல்க் என்னும் பெரிய மானினம் அற்றே போயிருந்தது. நகரச் சந்தைக்கு இறைச்சி அனுப்பும் தொழில்முறை வேட்டைக்காரர்களுக்கு ரயிலும் தந்தியும் கைகொடுத்தன. வானத்தை மறைத்துப் பறந்த பயணப் புறாவின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் செத்தது. 1895-இல் பென்சில்வேனியா வேட்டை ஆணையம் அமைந்தது. 1900-இல் அயோவாவின் ஜான் லேசி கொண்டுவந்த கூட்டாட்சிச் சட்டம், ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவதையே குற்றமாக்கியது. 1906 முதல் வெளிமாநில மான்களைக் கொண்டுவந்து காட்டில் விட்டார்கள். இன்று அதே மாநிலத்தில் ஒரு பருவத்தில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் வேட்டையாடப்படுகின்றன. மானின் எண்ணிக்கையைக் கூட்டப் போட்ட விதிகள், பிறகு அதைக் குறைக்கும் கருவியாகவும் மாறின. விதி என்னவோ ஒன்றுதான்: எத்தனை மான், எந்த வட்டாரத்தில், ஆணா பெண்ணா, எந்த வாரத்தில், எந்த ஆயுதத்தால் என்பதை ஆணையம் ஆண்டுதோறும் தீர்மானிக்கும்.

ஆகவே தொடக்கம் வகுப்பறையில். வேட்டைக் கல்விச் சான்றிதழோ முன்பு உரிமம் வைத்திருந்ததற்கான ஆதாரமோ இல்லாமல் பென்சில்வேனியாவில் வேட்டை உரிமம் கிடையாது. நேரடி வகுப்பில் 11 வயது முதல் சேரலாம். கற்றுத்தருபவர்களில் பெரும்பாலோர் ஊதியமில்லாத தொண்டர்கள். மீன்பிடிக் கழகக் கூடத்திலோ தீயணைப்பு நிலையத்திலோ, பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நாற்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்து பாடம் கேட்பது அங்கே சாதாரணம்.

பாடத்தில் சுடுவதைவிடச் சுடாமலிருப்பதுதான் அதிகம். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே நினை. குழல்வாய் யாரையும் நோக்கக் கூடாது. சுட முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே. குறி என்ன, குறிக்குப் பின்னால் என்ன என்று தெரியாமல் சுடாதே. கடைசி விதிதான் காட்டில் உயிர்களைக் காக்கிறது. குன்றின் உச்சியில் வானத்தைப் பின்புலமாகக் கொண்டு நிற்கும் மானைச் சுடக் கூடாது, ஏனென்றால் தப்பிய தோட்டா எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. வேலி தாண்டும்முன் தோட்டாவை எடுத்துவிட வேண்டும். மரப்பரணில் ஏறும்போது துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக் கூடாது; மேலே போய், உடல்வாரைக் கட்டிக்கொண்டு, காலித் துப்பாக்கியைக் கயிற்றில் இழுத்துக்கொள்ள வேண்டும். பரணிலிருந்து விழுந்து அடிபடுவோர் ஏராளம் என்பதால் பயிற்றுநர்கள் தோட்டாவுக்கு இணையாகக் கயிற்றைப் பற்றியும் பேசுகிறார்கள்.

மானின் உடலமைப்பும் பாடத்தில் உண்டு. நெஞ்சுக்கூட்டில் நுரையீரலும் இதயமும் இருக்கும் பகுதிதான் குறி. மான் பக்கவாட்டில் நின்றாலோ சற்றே அப்பால் திரும்பி நின்றாலோதான் அந்தக் குறி தெளியும். நேரே முகம் காட்டி நிற்கும் மானைப் புதியவர் விட்டுவிட வேண்டும். சுட்டபின் உடனே ஓடிப் பார்க்கக் கூடாது. அடிபட்ட மான் படுத்துவிடும். துரத்தினால் எழுந்து மைல் கணக்கில் போகும். காத்திருந்து இரத்தத் தடத்தைப் பிடித்துப் போக வேண்டும். நுரையுள்ள இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலைச் சொல்லும்; பச்சை கலந்த கசடு குடலைச் சொல்லும். குடலில் பட்டிருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். சான்றிதழுக்கான கேள்வித்தாளில் இவையெல்லாம் சில வரிகள்தாம். ஆனால் வேட்டை என்ற செயலின் கனத்தைத் தொடக்கக்காரர் உணரும் பகுதி இதுவே என்று நினைக்கிறேன்.

உரிமம் விலை அதிகமில்லை. மாநிலவாசியான பெரியவருக்கு ஏறத்தாழ 21 டாலர். ஆண்டுக் கணக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அதோடு கொம்புள்ள மான் ஒன்றுக்கான சீட்டு வரும். கொம்பில்லா மானுக்குத் தனி உரிமம், அதுவும் குறிப்பிட்ட வட்டாரத்துக்கு மட்டும், ஒதுக்கீடு தீரும்வரை. பல பத்தாண்டுகளாக இந்தப் பெண்மான் உரிமத்துக்கு இளஞ்சிவப்பு உறையில் மாவட்டப் பொருளாளருக்குத் தபால் போட்டு வரிசை பிடித்தார்கள். 2023-இல்தான் கணினிக்கு மாறியது. பழைய வேட்டைக்காரர்களில் அந்த உறைக்காக ஏங்குகிறவர்களும் உண்டு, அதை நினைத்துப் பல்லைக் கடிக்கிறவர்களும் உண்டு.

துப்பாக்கிப் பருவம் 2018 வரை நன்றியறிதல் நாளை அடுத்த திங்களன்று தொடங்கியது. கிராமப்புறப் பள்ளிகள் அன்று விடுமுறை விட்டன. 2019 முதல் அது சனிக்கிழமைக்கு வந்தது. ஞாயிறு வேட்டைக்கு 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இருந்த தடை 2019-இல் கொஞ்சம் தளர்ந்து 2025-இல் நீக்கப்பட்டது. வார நாட்களில் விடுப்பு கிடைக்காதவருக்கு இது சின்னச் செய்தியல்ல.

காட்டில் இறங்கிய பிறகும் அளவுகள் விடுவதில்லை. தலை, மார்பு, முதுகு மூன்றிலும் சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் செம்மஞ்சள் துணி தெரிய வேண்டும். மானின் கண்ணுக்கு அந்த நிறம் உறைக்காது. மனிதக் கண்ணுக்கு உறைக்கும். குடியிருக்கும் வீட்டைச் சுற்றி 150 கஜத்துக்குள், அந்த வீட்டாரின் அனுமதியின்றி துப்பாக்கி வேட்டை கூடாது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் தொடங்கி, மறைந்து அரை மணிக்குள் முடிக்க வேண்டும். மான் விழுந்தால், அதை இடம் நகர்த்தும் முன்பே சீட்டை எழுதிக் காதில் கட்ட வேண்டும். பத்து நாட்களுக்குள் ஆணையத்துக்குத் தகவல் தர வேண்டும். தோட்டா தானாக ஏறும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை மான் வேட்டைக்கு எடுத்துப் போகக் கூடாது. அதே ரைஃபிளை வீட்டில் வைத்துக்கொள்ளவும் சுடுதளத்தில் பழகவும் தடையில்லை!

இந்த முரணின் உச்சம் வாத்து வேட்டை. வலசைப் பறவைகளைச் சுடும் ஷாட்கன்னில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் அடைக்க முடியாதபடி உள்ளே ஒரு கட்டை செருகியிருக்க வேண்டும். துப்பாக்கியைக் கழற்றாமல் அது வெளியே வரக் கூடாது. 1935 முதல் இருக்கும் கூட்டாட்சி விதி இது. ஈய ரவைக்கு 1991 முதல் நாடு தழுவிய தடை. வாத்துகள் குட்டையின் அடியில் கிடக்கும் ஈயத்தைக் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாவதைக் கண்டுபிடித்ததன் விளைவு. 16 வயது நிரம்பியவர் கூட்டாட்சி வாத்து முத்திரையை வாங்கியிருக்க வேண்டும். 1934-இல் ஒரு டாலருக்கு விற்ற அந்த முத்திரை இன்று 25 டாலர். அந்தப் பணம் சதுப்பு நிலங்களை வாங்கிக் காக்கப் போகிறது. மனிதர் கையில் எத்தனை தோட்டா இருக்கலாம் என்பதற்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் இன்று பொதுவான வரம்பு ஏதும் இல்லை. வாத்துக்கு இருக்கிறது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள் இதைக் கேலியாகச் சொல்வார்கள். வாத்து பொதுச் சொத்து, துப்பாக்கி உரிமை. சட்டத்தின் உள்தர்க்கம் கெடவில்லை என்பதே உண்மை. அந்தத் தர்க்கம் போதுமா என்பது வேறு கேள்வி.

துப்பாக்கி வாங்கும் பக்கத்துக்கு வருவோம். உரிமம் பெற்ற கடையில் ரைஃபிளோ ஷாட்கன்னோ வாங்கக் கூட்டாட்சி விதிப்படி 18 வயது, கைத்துப்பாக்கிக்கு 21. 4473 என்னும் படிவத்தை நிரப்பி உறுதிமொழி தர வேண்டும். 1993-இன் பிரேடிச் சட்டத்தால் உருவாகி 1998-இல் ஓடத் தொடங்கிய பின்னணிச் சோதனை நடக்கும். பென்சில்வேனியாவில் அதை மாநிலக் காவல்துறை செய்கிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் விடை வந்துவிடும். எந்தப் பயிற்சியும் கேட்பதில்லை. அந்த மாநிலத்தில் தனியாள் ஒருவர் இன்னொருவருக்கு ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கியை விற்றால் சோதனைகூடக் கட்டாயமில்லை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் விளையாட்டு வேட்டையை மூடிவிட்டது. இரண்டு கதவுகளும் சாத்தியிருக்கும் நாட்டிலிருந்து போகிறவருக்கு, ஒரு கதவு விரியத் திறந்தும் மறு கதவில் பத்துப் பூட்டுகளும் இருப்பது விசித்திரமாகத்தான் படும்.

அப்படிப் போகிறவர்களுக்கு இன்னொரு திருப்பமும் காத்திருக்கிறது. 1997 பிப்ரவரியில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் காட்சித் தளத்தில், வருகை விசாவில் வந்து ஃபுளோரிடாவில் துப்பாக்கி வாங்கிய ஒருவர் சுட்டதில் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். அடுத்த ஆண்டே காங்கிரஸ், குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. மாணவர் விசாவும் எச்-1பி பணி விசாவும் இந்த வகையில் வருகின்றன. பச்சை அட்டை பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. தடைக்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று: அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, நடப்பிலுள்ள வேட்டை உரிமம்.

நியூ ஜெர்சியின் எடிசனிலோ டெக்சஸின் டாலஸ் புறநகரிலோ மென்பொருள் வேலை பார்க்கும் தமிழருக்கு இதன் பொருள் என்ன? அமெரிக்கக் குடிமகனுக்குத் துப்பாக்கி முதலில், வேட்டைக் கல்வி பிறகு. விருப்பமில்லாவிட்டால் கல்வியே வேண்டாம். எச்-1பிக்காரருக்கோ வரிசை தலைகீழ். கூட்டாட்சிச் சட்டத்தைப் பொறுத்தவரை அவர் கையில் துப்பாக்கி இருப்பதை நியாயப்படுத்தும் காகிதம் மானுக்கான காகிதமே. கடைக்காரர் அந்த உரிமத்தின் நகலைக் கேட்பார். அதைவிட முக்கியம், உரிமம் முடியும் நாள். பென்சில்வேனிய உரிமத்தை வைத்து வாங்கியவர் ஜூன் 30 கடந்தும் புதுப்பிக்காமல் அலமாரியில் ரைஃபிளை வைத்திருந்தால், வேட்டைக்கே போகாவிட்டாலும், கூட்டாட்சிக் குற்றம் செய்தவராகிறார். 2022-இல் திருத்தப்பட்டபின் அதிகபட்ச தண்டனை 15 ஆண்டு. நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதற்கும் இதே தடை பொருந்தும். வார இறுதியில் நண்பர்களோடு போய்ப் படமெடுத்து ஊருக்கு அனுப்புகிறவர்கள் இதை அறிந்துதான் செய்கிறார்களா என்று எனக்கு ஐயம் உண்டு. மாநிலச் சட்டங்கள் மேலும் நிபந்தனை போடலாம் என்பதால், விசாவில் இருப்பவர் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டபிறகே கடைப்படி ஏறுவது நல்லது.

துப்பாக்கிச் சட்டமும் வேட்டைச் சட்டமும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் இடம் சாலை. வேட்டைக்காரர் வீட்டிலிருந்து காட்டுக்குப் போயாக வேண்டும். வழியில் வாகனம், பள்ளிக்கூடம், மாநில எல்லை எல்லாம் வரும்.

வாகனத்தில் தொடங்கலாம். பென்சில்வேனிய வேட்டைச் சட்டத் தொகுப்பு, எஞ்சின் வண்டியின் உள்ளேயோ மேலேயோ தோட்டா போட்ட ரைஃபிளையோ ஷாட்கன்னையோ வைப்பதைக் குற்றமாக்குகிறது. காரின் பக்கவாட்டில் சாய்த்து வைப்பதும் அதில் சேரும். காட்டை விட்டு வெளியே வந்து, களைப்பில் ரைஃபிளைக் கதவில் சாய்த்துவிட்டுச் சாவியைத் தேடுகிறவர் அந்த நொடியில் சட்டத்தை மீறியிருக்கிறார். விதியின் நோக்கம் இரண்டு. சாய்த்த துப்பாக்கி சரிந்து வெடித்து இறந்தவர்கள் உண்டு என்பது ஒன்று. இரவில் சாலையோரம் காரை மெல்ல ஓட்டி, விளக்கொளியில் திகைத்து நிற்கும் மானைச் சன்னல் வழியாகச் சுடும் திருட்டு வேட்டையைத் தடுப்பது மற்றொன்று. ஆகவே துப்பாக்கி வண்டியில் எப்படி இருக்க வேண்டும் என்ற இந்த விதிக்குள் மானின் பாதுகாப்பும் ஒளிந்திருக்கிறது.

பள்ளிக்கூடம் அடுத்தது. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1990-இல் வந்து, உச்ச நீதிமன்றம் 1995-இல் அடித்துப்போட்டபின் 1996-இல் திருத்தி மீண்டும் வந்தது. தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியிலோ வண்டியின் பூட்டிய தாங்கியிலோ இருந்தால் விலக்கு. இன்னொரு விலக்கு அமெரிக்கக் கிராமத்தை அப்படியே படம்பிடித்துத் தருகிறது: வேட்டைக்குத் திறந்துள்ள நிலத்தை அடைய, பள்ளி நிர்வாகத்தின் அனுமதியோடு, காலித் துப்பாக்கியுடன் பள்ளி வளாகத்தைக் கடந்து போகலாம்.

மாநில எல்லைதான் உண்மையான சோதனை. டெலவேர் ஆற்றின் மேற்குக் கரை பென்சில்வேனியா. பாலம் கடந்தால் நியூ ஜெர்சி. அங்கே நீளத் துப்பாக்கி வாங்கவே துப்பாக்கி வாங்குவோருக்கான தனி அடையாள அட்டை வேண்டும். எடுத்துப்போகும்போது தோட்டா இல்லாமல், மூடிக் கட்டிய உறையிலோ பூட்டிய டிக்கியிலோ இருக்க வேண்டும். சட்டம் அனுமதித்த இடங்களுக்குப் போகும் வழியில், நியாயமான தேவைக்கு மேல் பாதை விலகக் கூடாது. மான் வேட்டைக்கு அங்கே ஷாட்கன்னும் வாய்வழி மருந்திடும் துப்பாக்கியும் வில்லும் மட்டுமே. மக்கள் நெருக்கமாக வாழும் தட்டையான நிலத்தில் ரைஃபிள் தோட்டா வெகுதூரம் போய்விடும் என்பதால். ஆகவே பென்சில்வேனியாவில் மானடிக்க வாங்கிய .30-06 ரைஃபிளோடு ஆற்றைக் கடந்தால், அதே மானை அதே ரைஃபிளால் சுட முடியாது.

மாநிலத்துக்கு மாநிலம் இப்படி மாறுவதால் வழிப்போக்கர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதற்கு மருந்தாக வந்ததுதான் 1986-ஆம் ஆண்டின் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள பயணப் பிரிவு. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கச் சட்டப்படி தகுதி இருந்தால், இடையிலுள்ள மாநிலத்தின் சட்டம் எதுவானாலும் கடந்து போகலாம். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ பயணிகள் இருக்கையிலிருந்து கைக்கெட்டக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டி வேண்டும். முன்பக்க அறையும் இருக்கை நடுவே உள்ள பெட்டியும் பூட்டு இருந்தாலும் கணக்கில் வராது.

படிக்கும்போது அகலமாகத் தெரியும் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு குறுகலானது என்பதை நியூவார்க் விமான நிலையத்தில் நடந்த ஒரு வழக்கு காட்டியது. யூட்டாக்காரர் ஒருவர் 2005-இல் பென்சில்வேனியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். கைத்துப்பாக்கியை விதிப்படி பூட்டி, அறிவித்து, சரக்குப் பையில் அனுப்பியிருந்தார். நியூவார்க்கில் இணைப்பு விமானம் தவறியது. பையை வாங்கிக்கொண்டு இரவு விடுதியில் தங்கினார். மறுநாள் காலை விமான முகப்பில் நேர்மையாகத் துப்பாக்கியை அறிவித்தார். நியூ ஜெர்சிச் சட்டப்படி கைதானார். சில நாள் சிறையிலிருந்தார். குற்றச்சாட்டு கைவிடப்பட்டபின் அவர் தொடுத்த வழக்கில் 2010-இல் மூன்றாம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விடுதியில் இருந்த அந்த இரவில் பை அவர் கைக்கெட்டும் நிலையில் இருந்தது. எனவே 1986 சட்டம் அவரைக் காக்காது. அவர் செய்திருக்க வேண்டியது, பையை வாங்காமல் விமான நிறுவனத்திடமே விட்டுவைப்பது அல்லது காவலரிடம் ஒப்படைப்பது. அவர் போனது வேட்டைக்கல்ல. ஆனால் மொன்டானாவில் எல்க் வேட்டைக்கு நியூவார்க் வழியாக விமானம் ஏறும் கிழக்குக் கரைக்காரருக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தும்.

விமான விதிகள் தெளிவானவை. காலித் துப்பாக்கி, வளையாத கெட்டிப் பெட்டி, எல்லாப் பக்கமும் பூட்டு, சாவி பயணியிடம், முகப்பில் வாய்விட்டு அறிவிப்பு, சரக்கில் மட்டும். தோட்டா அதற்கென உள்ள அட்டை, மர, பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டியில். பல நிறுவனங்கள் 5 கிலோ அளவில் வரம்பு வைத்திருக்கின்றன. ஆம்ட்ராக் ரயிலில் 2010 இறுதியிலிருந்து சரக்குப் பெட்டி உள்ள தடங்களில் 24 மணி நேர முன்னறிவிப்போடு கொண்டுபோகலாம். கிரேஹவுண்ட் பேருந்து ஏற்பதே இல்லை.

திரும்பி வரும்போது சுமை மாறிவிடும். இப்போது இறைச்சிக்கும் சட்டம் உண்டு. மான்களின் மூளையைத் தின்னும் நாட்பட்ட மெலிவு நோய் 2012-இல் பென்சில்வேனியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. வடிவம் பிறழ்ந்த புரதமான பிரையானால் வரும் இந்த நோய்க்கு மருந்தில்லை. நோய்ப்பட்ட மானின் எச்சம் கிடந்த மண்ணிலும் அது நீண்ட காலம் உயிர்ப்போடு இருக்கும். அதனால் நோய் கண்ட வட்டாரங்களிலிருந்து தலையையும் முதுகுத்தண்டையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. எலும்பு நீக்கிய இறைச்சி, சுத்தப்படுத்திய மண்டைத் தகட்டோடு கொம்பு, தலையில்லாத தோல் ஆகியவற்றுக்குத் தடையில்லை. முழு மானை வண்டியின் கூரையில் கட்டி ஊருக்குள் கொண்டுவரும் பழைய வழக்கத்துக்கு இந்தப் புரதம் பல இடங்களில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. புதியவர் கத்தி பிடிக்கக் கற்பது துப்பாக்கி பிடிக்கக் கற்பதைப் போலவே அவசியமாகிவிட்டது. உண்டது போக மிஞ்சும் இறைச்சியை ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்றும் அந்த மாநிலத்தில் 1991 முதல் நடக்கிறது.

இவற்றுக்கெல்லாம் செலவை யார் தருகிறார்கள் என்பதில்தான் இரண்டு சட்டங்களும் கடைசியாகச் சந்திக்கின்றன. பென்சில்வேனியா வேட்டை ஆணையம் மாநிலத்தின் பொது வரிப்பணத்தை நம்பி இயங்கவில்லை. ஏறக்குறைய 15 இலட்சம் ஏக்கர் வேட்டைக் காடுகளைக் கையில் வைத்திருக்கும் அது உரிமக் கட்டணம், மரம், எரிவாயுக் குத்தகை ஆகியவற்றோடு கூட்டாட்சிப் பங்கையும் நம்பியிருக்கிறது. அந்தப் பங்கு 1937-இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தால் வருவது. ரைஃபிள், ஷாட்கன், தோட்டா மீது 11 விழுக்காடு, கைத்துப்பாக்கி மீது 10 விழுக்காடு உற்பத்தி வரி. நிலப்பரப்பையும் உரிமம் பெற்ற வேட்டைக்காரர் எண்ணிக்கையையும் வைத்து மாநிலங்களுக்குப் பிரிக்கப்படும். உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்குக் காசில்லை. வேட்டைக் கல்வி வகுப்புக்கான பணமும் 1970 முதல் இதிலிருந்து வருகிறது.

வரி விதித்தபோது துப்பாக்கி வாங்கியவரும் வேட்டைக்காரரும் பெரும்பாலும் ஒரே ஆள். இன்று அப்படியில்லை. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் 16 வயது நிரம்பிய வேட்டைக்காரர்கள் 1.15 கோடிப் பேர்தாம். மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கு விழுக்காடு. துப்பாக்கி விற்பனையோ பெருகியிருக்கிறது, அதில் பெரும்பகுதி தற்காப்புக்கும் சுடுதளத்துக்கும். நகரத்தில் அச்சத்தால் கைத்துப்பாக்கி வாங்குகிறவர், தான் ஒருநாளும் காணாத மான் காட்டுக்கு 10 விழுக்காடு கட்டுகிறார். அண்மை ஆண்டுகளில் இந்த நிதி ஆண்டுக்கு 100 கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது. வேட்டைக்காரர் குறைவதைக் கண்டு அஞ்சிய மாநிலங்கள் புதியவர்களைத் தேடிப் பிடிக்கவும் இந்த நிதியைச் செலவிடலாம் என்று 2019 டிசம்பரில் சட்டம் தளர்த்தப்பட்டது.

2022-இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ஆண்ட்ரூ கிளைட், தாமே துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர், இந்த வரியை ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். சாசனம் தந்த உரிமைக்கு வரி போடக் கூடாது என்பது அவர் வாதம். உரிமை என்ற பக்கத்திலிருந்து பார்த்தால் வாதத்தில் ஓட்டையில்லை. எதிர்த்து நின்றவர்களில் முன்வரிசையில் இருந்தவை வேட்டைக்காரர்களின் அமைப்புகளும் வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்புகளும். மசோதாவில் முதலில் பெயர் சேர்த்த உறுப்பினர்களில் சிலர் பிறகு பெயரை விலக்கிக்கொண்டார்கள். அது வாக்கெடுப்புக்கே வராமல் காலாவதியானது.